இடிக்கப்போகிற வீடு

விடியல் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்ததும் கம்சியா பின்படி இறங்கித் துணிக்கொடியை நோக்கி நடக்கிறாள். கொடி நேர் எதிரே இருக்கிறது. நடுவில் புல்தரையைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு செடியோ கல்லோகூட இல்லை. ஆனாலும் அவள் நேரே போவதில்லை. ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, சட்டென்று வலப்பக்கம் திரும்பி, ஓரிடத்தில் மட்டும் வாசற்படியைத் தாண்டுகிறவள் மாதிரி காலைச் சற்றுத் தூக்கி வைத்து, பிறகு மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடியைப் போய்ச் சேர்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வேலிக்கு அப்பால் நின்று சில நாள் இதைப் பார்த்தாள். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"மக்சிக், அங்க பாம்பு கீம்பு ஏதாச்சும் கிடக்கா?"

"பாம்பு இல்ல. சுவரு," என்றாள் கம்சியா, வாயில் துணிக் கவ்வியோடு.

அந்தப் பெண் சிரித்தாள். மக்சிக் என்றால் மலாயில் பெரியம்மா; அந்த வயதில் இருப்பவளிடம் மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள். கம்சியாவும் சிரித்துவைத்தாள்.

அறுபதைத் தாண்டியவள் கம்சியா. குள்ளம். நடையில் மட்டும் இன்னும் அவசரம் இருக்கிறது. தைப்பிங் ஊரில் ஒரு தலைமுறை மலாய்ப் பெண்கள் அவள் கையால்தான் மணப்பெண் ஆனார்கள். மாக் அண்டாம் என்பார்கள் அந்தத் தொழிலை. மணப்பெண்ணின் நெற்றி முடியைச் சவர அலகால் சீர்செய்வது, மருதாணி வைப்பது, முகத்துக்கு ஒப்பனை, தலைக்குக் கிரீடம், மாப்பிள்ளையும் பெண்ணும் அமர மணமேடை, மேடைக்குத் துணிப்பூ என்று எல்லாம் அவள் பொறுப்பு. அதோடு பெண்ணுக்குத் தைரியம் சொல்வதும். அதை அவள் ஒரு மாதிரியாகச் செய்வாள். "இப்ப அழாத. மை காயட்டும், அப்புறம் அழு. நானே கைக்குட்டை தரேன்," என்பாள். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியதால் ஊசி இல்லாதபோதும் உதட்டோரத்தால்தான் பேசுகிறாள். முக்காட்டின் உட்புற ஓரத்தில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு. சந்தையில் யாருக்காவது பொத்தான் அறுந்தால் "கம்சியா எங்கே?" என்றுதான் தேடுவார்கள்.

தொழிலைப் பற்றி அவளே சொல்லிக்கொள்வது: "காலையில கட்டுறேன், சாயங்காலம் பிரிக்கிறேன். மூஞ்சி கழுவினா என் வேலை போச்சு." சொல்லிவிட்டு, நிலைத்து நிற்கிற ஒன்றைக் கட்ட வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்றும் சேர்த்துக்கொள்வாள். அந்த ஆசையால்தான் இந்த இடத்துக்கு வந்தாள்.

இடத்தைக் கண்டுபிடித்தவர் அவள் கணவர் இத்ரீஸ். தபால்காரர். ஊருக்கு வெளியே, லாருட் மலை கைநீட்டினால் தொடலாம் போல நிற்கிற பக்கம், அரை ஏக்கர் நிலத்தின் ஒரு மூலையில் ஒரு பழைய பலகை வீடு. முழங்கால் உயரச் சிமெண்டுத் தூண்கள், தகரக்கூரை, இரண்டு அறை, முன்னால் சின்ன வராந்தா. திருமதி ஃபூங் என்ற சீன மூதாட்டி தனியாக அங்கே இருந்தார். தைப்பிங் மழை சொல்லிக்கொண்டு வராது. தபால் பையோடு அகப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் இத்ரீஸ் அந்த வராந்தாவில்தான் ஒதுங்குவார். மூதாட்டி உள்ளேயிருந்து ஒரு குவளை கருப்புக் காப்பி நீட்டுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மழையைக் கேட்பார்கள். பல வருடம் இப்படி. பினாங்கில் இருக்கும் மகளோடு போய்விடப்போகிறேன், வீட்டை விற்கவேண்டும் என்று அவர் முதலில் சொன்னது இத்ரீஸிடம்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இத்ரீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "சியா, அந்தக் கூரை மேல மழ பெய்யுற சத்தம் இருக்கே, வேற எந்த வீட்டுலயும் அப்படி இல்ல."

"நிலம் எவ்வளவு?" என்று கேட்டாள் கம்சியா.

அப்போது அரசாங்கக் குடியிருப்பில் இருந்தார்கள். மகள் சுரயா ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மணமேடைச் சாமான்கள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் பிதுங்கிக்கொண்டிருந்தன. மூவரும் போய்ப் பார்த்தார்கள். இத்ரீஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பலகைகளைத் தடவிப் பார்த்தார். அடுப்படி ஜன்னலைத் திறந்து மூடினார். கம்சியா வீட்டுக்குள் வரவேயில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வராந்தாவில் எல்லாரும் மறுபடி கூடியபோது திருமதி ஃபூங் கேட்டார்.

"இடிச்சிட்டுக் கட்டுவீங்களா, இல்ல இப்படியே இருப்பீங்களா?"

"இப்படியே இருப்போம்," என்றார் இத்ரீஸ்.

"இடிச்சிருவோம்," என்றாள் கம்சியா.

இரண்டு பதிலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. மூதாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் அடுப்படி மூலையில ஒரு வாளி வச்சிக்கோங்க, ஒழுகும்," என்றார்.

பேசி முடிவு பண்ணவில்லை. ஒரே பத்திரத்தில் அவர் வீட்டை வாங்கினார், அவள் நிலத்தை வாங்கினாள்.

குடிவந்த முதல் வாரமே கம்சியா கொத்தனார் நூல் ஓர் உருண்டையும் மரமுளைகளும் வாங்கிவந்தாள். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் முளைகளை அடித்து, நூலை இழுத்துக் கட்டி, வரப்போகும் வீட்டைத் தரையில் வரைந்தாள். கூடம், அவர்கள் அறை, சுரயா அறை, விருந்தாளி அறை, மணமேடைச் சாமான்களுக்கென்றே ஒரு நீள அறை. நூலின் மறுமுனையைப் பிடிப்பது இத்ரீஸின் வேலை. "இன்னும் பின்னால போங்க, பாங். இன்னும். வேலிய ஏன் பாக்குறீங்க? என்னயப் பாருங்க!" என்று அவள் கத்துவது தெருவுக்குக் கேட்கும். பாங் என்பது அண்ணனைக் குறிக்கும் அபாங் என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கம். மலாய் மனைவி கணவரை அப்படித்தான் அழைப்பாள்.

ஆனால் வரைந்தது வரைந்தபடி நிற்கவில்லை. வாரக் கடைசியில் கம்சியா யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போவாள். அங்கே ஒரு வளைவு வாசலைப் பார்ப்பாள். இன்னொரு வீட்டில் இரண்டு மாடி உயரக் கூடத்தைப் பார்ப்பாள். வேறொன்றில் அடுப்படிக்குப் பின்னால் இன்னோர் அடுப்படி. திங்கட்கிழமை முளைகள் இடம் மாறும். கட்டுவதற்குக் கொஞ்சம் சேர்ந்தபோது திட்டம் அதைவிடப் பெரியதாகியிருந்தது. சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று இத்ரீஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சின்னதா இருக்கிறதுதான் ஏற்கெனவே இருக்கே," என்று அவள் வாயை அடைத்தாள்.

நூல் வீட்டுக்கு அவள் வைத்திருந்த மரியாதையை அக்கம்பக்கம் வேடிக்கையாகச் சொல்லும். யாரும் நூலைத் தாண்டக்கூடாது. வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் போகவேண்டும். ஒருமுறை இத்ரீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார்.

"பாங்! சுவத்துக்குள்ள நடந்து வரீங்களே, நீங்க என்ன பேயா?"

"மன்னிச்சுக்கம்மா," என்று அவர் சைக்கிளோடு பின்னால் போய், வாசலுக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமி, "சலாம் அலைக்கும். வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். சுரயா விழுந்து விழுந்து சிரித்தாள். கம்சியா சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றாள்.

மாலை வேளையில் அவர் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நூல் வீட்டின் கூடத்தில் போடுவார். இருவரும் அங்கே உட்கார்ந்து காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பார்கள். ஒரு நாள் அப்படி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கம்சியா தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பலகை வீட்டுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பாங், நனையிறீங்க!"

"எங்க நனையிறேன்? நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கேன்," என்று மழைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

கட்டப்போகும் வீட்டில் இவ்வளவு அக்கறை காட்டியவள், இருக்கும் வீட்டை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அதற்கு அவள் வைத்த பெயர் கொட்டகை. "கொட்டகைக்குப் போய் வரேன்." "கொட்டகையில சாவிய விட்டுட்டேன்." குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தபோது மணமேடையில் மிச்சமான தங்கநிற நாடாவால் கட்டிவைத்தாள், அந்த நாடா கறுத்துப்போய் இன்னொரு நாடா கட்டும் அளவுக்கு வருடங்கள் போயின. ஒழுகும் மூலைக்கு வாளி நிரந்தரமாயிற்று. சுவருக்குச் சாயம் அடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகள் வைக்கோல் பிரிக்காமல் பெட்டியிலேயே இருந்தன. எதைக் கேட்டாலும் ஒரே பதில். "இப்போதைக்கு இருக்கட்டும்." தெருப்பக்கம் இருந்த பெரிய அறை, மூன்று ஜன்னல் உள்ள நல்ல அறை, சாமான் அறையாயிற்று. அரியணை மாதிரியான நாற்காலிகள், துணிப்பூத் தோரணங்கள், திரைகள் எல்லாம் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ஜன்னலைத் திறக்க வழியில்லை. கணவனும் மனைவியும் பின்பக்கத்துச் சின்ன அறையில் படுத்தார்கள். அதுவும் இப்போதைக்குத்தான்.

அந்தச் சின்ன அறையில், கட்டிலுக்கு எதிரே இருந்த சுவர் மலையைப் பார்த்தது. ஆனால் அதில் ஜன்னல் கிடையாது. ஃபூங் குடும்பத்தார் அந்தச் சுவரில்தான் சாமி மாடம் வைத்திருந்தார்கள். ஊதுபத்திப் புகை படிந்த கறை மட்டும் பலகையில் மிச்சமிருந்தது. ஒரு நாள் படுத்தபடியே இத்ரீஸ் சொன்னார்.

"சியா, இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வச்சா மலை தெரியும்."

"இடிக்கப்போற சுவத்துக்கு யாராச்சும் ஜன்னல் வைப்பாங்களா?"

"சின்னதா."

"பாங், புது வீட்டுல உங்களுக்குச் சுவரே இல்லாம முழுக்கக் கண்ணாடியா வைக்கிறேன். கட்டில்ல படுத்துக்கிட்டே மலை உச்சியில குரங்கு பேன் பாக்குறதப் பாருங்க. போதுமா?"

அவர் போதும் என்றார். மறுநாளே கம்சியா நூல் வீட்டின் படுக்கையறையில் இரண்டு முளைகளைப் பிடுங்கி, மலைப்பக்கம் அகலமாக ஒரு திறப்பு விட்டாள். அவர் கேட்டதைவிடப் பெரியதாகக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வருடங்கள் அப்படித்தான் போயின. சுரயா படித்துத் தாதி ஆனாள். கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள். அவளுக்கும் அம்மாதான் நெற்றி முடி ஒதுக்கினாள். இத்ரீஸ் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற வருடமே ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயைப் பிடித்தபடி சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இடப்பக்கம் முழுதும் அவருக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது. பேச்சு பாதி வாயால் வந்தது.

அப்போதுதான் அந்த வீடு தன்னை யாரும் கவனிக்காததைக் காட்டியது. தள்ளுநாற்காலி இருந்தது, வராந்தாவிலிருந்து இறங்க மூன்று படி. படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப்பலகை போட்டிருந்தால் அவர் முற்றத்துக்கு வந்திருப்பார். சுரயா வரும்போதெல்லாம் அதற்காக அம்மாவோடு சண்டை போட்டாள்.

"மாக், ரெண்டு பலக. ரெண்டே ரெண்டு பலக போதும். அதுக்கா இவ்வளவு யோசனை?"

"புது வீட்டுல படியே கிடையாதுடி. தரையோட தரையா வைக்கிறேன்."

"புது வீட்டுல! அப்பா புது வீட்டுலயா படுத்திருக்காரு?"

கம்சியாவுக்குக் கோபம் வந்தது. உண்மையில் அந்த வாரம்தான் அவள் ஒரு கட்டடக்காரரோடு பேச ஆரம்பித்திருந்தாள். கணவர் படுத்துவிட்டபின் கட்டியே தீரவேண்டும் என்ற வெறி வந்திருந்தது அவளுக்கு. கல்யாணங்களை இன்னும் அதிகமாக ஒப்புக்கொண்டாள். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரே நாளில் இரண்டு பெண்களை அலங்கரித்துவிட்டு, மணமேடையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு, இடுப்பொடிய வீடு திரும்புவாள். பகலில் இத்ரீஸைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். கம்சியா உள்ளே நுழைந்ததும் இத்ரீஸ் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"மேகமா?"

மலை தெரிகிறதா என்று அர்த்தம். அவள் பின்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். "உச்சி மட்டும் தெரியுது." "நடுவுல துண்டு கட்டியிருக்கு, இடுப்புல உங்க சாரம் மாதிரி." "அருவி வெள்ளையா இறங்குது, மேல நல்ல மழை போல." அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டு, பாதி வாயால் சிரிப்பார்.

ஆனால் எல்லா நாளும் அவள் பின்படிக்குப் போகவில்லை. காலில் வீக்கத்தோடு வந்த நாட்களில், முக்காட்டின் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேகம், பாங்," என்று சொல்லிவிடுவாள். தைப்பிங்கில் மேகம் என்றால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அவரும் சந்தேகப்படவில்லை. "நாளைக்குத் தெளியும்," என்பார். அப்படி எத்தனை நாள் சொன்னோம் என்று இப்போது கம்சியா எண்ணிப் பார்க்க முயல்வதுண்டு. எண்ண முடியவில்லை. சொன்னபோது அதை ஒரு பொய்யாகவே அவள் நினைக்கவில்லையே.

நோன்பு மாதம் பிறந்தது. அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. கம்சியா பகல் முழுக்க வீட்டில் இருந்தாள். அவர் படுத்திருக்கும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். புகைக்கறை படிந்த பலகை. பகலெல்லாம் அதே பலகை. அன்று மாலையே ஆ சுவானுக்குச் சொல்லி அனுப்பினாள். சந்தைக்குப் பின்னால் இருக்கும் வயதான தச்சர். அவர் வந்து சுவரைப் பார்த்து, பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். கையில் வேறு வேலைகள் இருப்பதாகவும், பெருநாள் முடிந்த வாரம் வந்து செய்து தருவதாகவும் சொன்னார்.

"கேட்டீங்களா பாங்? பெருநாள் முடிஞ்சதும் ஜன்னல்," என்றாள் கம்சியா.

"அவசரமில்ல," என்றார் இத்ரீஸ். அவருக்கு அந்தச் சொல் முழுதாக வரவில்லை. அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, பிற்பகல் மழையில், அவர் இறந்துபோனார். கம்சியா அடுப்படியில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது.

இறந்தவருக்காகத் துஆ என்ற பிரார்த்தனை ஓத வருகிறவர்கள் அதிகம். பலகை வீடு கொள்ளாது. பள்ளிவாசல் இளைஞர்கள் பின்முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். கூடாரக் கால் நடுவதற்கு முளைகள் இடைஞ்சலாக இருந்தன. கூடத்தின் மூலை, சுரயா அறையின் மூலை, விருந்தாளி அறை என்று ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பிடுங்கிப் போட்டார்கள். நூல் இற்றுப்போய், தொட்ட இடத்தில் அறுந்தது. கம்சியா பின்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று சுரயா பயந்தாள். அவள் கத்தவில்லை. "குழிய மூடிடுங்கப்பா. வர்றவங்க காலு மடங்கப்போகுது," என்று மட்டும் சொன்னாள்.

பெருநாள் முடிந்த வாரம், காலையில், ஆ சுவான் கருவிப்பெட்டியோடு வாசலில் நின்றார். அவருக்கு விஷயம் தெரியும்; அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

"சொன்ன வாரம் வந்துட்டேன், காக். வேணாம்னா போயிடுறேன்," என்றார். அவளைவிட மூத்தவர்தான். ஆனால் ஊருக்கே அவள் அக்கா, அவருக்கும் காக்.

கம்சியா கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். "வாங்க," என்றாள்.

அவர் கட்டிலை நகர்த்தினார். பென்சில் கோட்டின்மேல் ரம்பத்தை ஓட்டினார். பலகைகள் வெளியே புல்லில் விழுந்தன. சட்டத்தைப் பொருத்தினார், கீல் வைத்தார், இரண்டு கதவுகளை மாட்டினார், கொக்கி போட்டார். மரத்தூளைத் தாமே கூட்டி அள்ளினார். பின்மதியத் தொழுகைக்கு அழைப்புக் கேட்கும்முன் எல்லாம் முடிந்துவிட்டது. கம்சியா அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"பலகச் சுவருதான காக். வேற என்ன இருக்கு?" என்றார் ஆ சுவான். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். பெட்டியை மூடிக்கொண்டு நிமிராமலே வெளியேறினார்.

அன்று பார்த்து ஒரு கீற்று மேகம் இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை மலை முழுதாக, ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிய நின்றது. கம்சியா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு திறந்தாள். பிறகு கட்டிலின் அவர் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். அங்கிருந்தும் தெரிந்தது. இருட்டுகிற வரைக்கும் அங்கேயே கிடந்தாள்.

அதற்குப்பின் கட்டடக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாணங்களைக் குறைத்துக்கொண்டாள். வீட்டையும் அவள் சரிசெய்யவில்லை. தாழ்ப்பாள் வாங்கிப் போடவா என்று சுரயா கேட்டால், "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?" என்கிறாள். அவருக்குச் செய்யாததைத் தனக்குச் செய்துகொள்ள அவளுக்குக் கை வரவில்லை. புல்தரையில் மட்டும், நூலும் முளையும் போய் மூன்று மழைக்காலம் ஆகியும், கால் அந்தச் சுவர்களைச் சுற்றியே போகிறது. அது அவள் வேண்டுமென்று செய்வதில்லை.

ஈப்போவுக்கு வந்துவிடு என்று சுரயா சொல்லிக்கொண்டேயிருந்தாள். போன மாதம் கம்சியா சரி என்றாள். இங்கே இருந்து என்ன, கொட்டகைதானே, என்றாள். இந்தப் பக்கம் நிலம் வாங்கி வரிசை வீடு கட்டி விற்கும் ஒருவரிடம் அவளே தொலைபேசியில் பேசினாள்.

வந்தவர் பெயர் ரிஸ்வான். சின்ன வயது, பணிவான பேச்சு. காரிலிருந்து இறங்கியதுமே நிலத்தின் மேல் அவர் கண் விழுந்தது. வேலி ஓரமாக நடந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணைக் கிளறியெடுத்து, விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். முந்தின நாள் மழையில் மண் சிவந்து குழைந்திருந்தது.

"அருமையான நிலம், மக்சிக். மேடு பள்ளம் இல்ல. இத்தனை வருஷம் சும்மாவா போட்டு வச்சிருந்தீங்க?"

கம்சியா வராந்தாவில் நின்றாள். "வீட்டுக்குள்ள வந்து பாக்குறீங்களா? காப்பி போட்டிருக்கேன்."

"வீடு எதுக்கு மக்சிக்? எப்படியும் இடிக்கப்போறதுதான்."

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அதே சொல்லை இந்த வராந்தாவில் நின்று அவளும் சொல்லியிருக்கிறாள். ரிஸ்வான் படிப்பக்கம் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் சுவர்ப் பலகையைத் திறந்த கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது ஒரு காலைக்கு மேல தாங்காது. இயந்திரம் கூடத் தேவையில்ல, நாலு ஆளு போதும். எப்ப காலி பண்ணித் தருவீங்க?"

"உங்களுக்கு நிலம்தான வேணும்?" என்றாள் கம்சியா.

"ஆமா மக்சிக். வெல நிலத்துக்குத்தான். வீட்டுக்கு ஒண்ணும் கிடையாது."

"அப்ப நிலத்த மட்டும் எடுத்துக்கோங்க. வீடு விக்கிறதுக்கில்ல."

ரிஸ்வான் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தார். கம்சியா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "மகளோட பேசிட்டுச் சொல்லுங்க மக்சிக், அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். கார் தெருமுனை திரும்பியது.

கம்சியா படியிறங்கிச் சுவர் முன்னால் வந்தாள். சாயம் காணாத பலகையில் ஐந்து விரலும் தெரிய ஒரு சிவந்த மண் கை பதிந்திருந்தது. கம்சியா முக்காட்டின் நுனியை நாக்கால் ஈரப்படுத்தி, மற்றக் கையால் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் கன்னத்தில் வழிந்த மையை ஒற்றியெடுப்பதுபோல, அழுத்தாமல், ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள்.